தகவமைத் தேர்வு: வினா குறைய வேண்டும், பாடம் குறையக் கூடாது

முப்பது வினாக்கள் கொண்ட ஒரு கணிதத் தேர்வு. நன்றாகப் படித்த ஒருவர் முதல் பத்து எளிய வினாக்களையும் யோசிக்காமலேயே போட்டுவிடுவார். தடுமாறுகிற இன்னொருவர் கடைசிப் பத்துக் கடின வினாக்களுக்கு ஏதோ ஒரு விடையைக் குறித்துவிட்டு எழுந்துவிடுவார். அவருக்கு அந்த எளிய பத்தும், இவருக்கு இந்தக் கடினமான பத்தும் போட்டதில் நமக்குப் புதிதாக எதுவும் தெரியவில்லை. என்ன ஆகும் என்று முன்பே தெரிந்த விஷயத்தைக் கேட்டுப் பார்த்ததில் தேர்வு நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

இந்த வீணடிப்பைத் தவிர்க்க வந்ததுதான் கம்ப்யூட்டர் அடாப்டிவ் டெஸ்ட், தமிழில் தகவமைத் தேர்வு. விடை சரியென்றால் அடுத்து சற்றுக் கடினமான வினா வரும்; தவறென்றால் சற்று எளிய வினா வரும். இந்த யோசனை கணினிக்கு முந்தியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸில் ஆல்ஃபிரெட் பினே குழந்தைகளுக்காக உருவாக்கிய அறிவுத்திறன் சோதனையிலேயே இதன் விதை இருக்கிறது. கணினி வந்ததும் அது பெரிய அளவில் சாத்தியமானது. அமெரிக்கச் செவிலியர் உரிமத் தேர்வான என்கிளெக்ஸ் 1994 முதல் இப்படித்தான் நடக்கிறது.

‘குறைந்த வினாக்களில் அதிகத் துல்லியம் வேண்டும்’ என்று மட்டும் கணினியிடம் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். வினா வங்கியில் எண்கணித வினாக்கள் பெரும்பாலும் எளியவை, இயற்கணித வினாக்கள் பெரும்பாலும் கடினமானவை என்று வைத்துக்கொள்வோம். கணினி கடினத்தை மட்டும் பார்த்து வினா எடுக்கும். திறன் குறைந்தவருக்கு எண்கணிதமாகவே வரும். திறன் மிகுந்தவருக்கு இயற்கணிதமாகவே வரும். இருவருக்கும் ‘கணித மதிப்பெண்’ என்ற ஒரே பெயரில் ஓர் எண் கிடைக்கும். ஆனால் இருவரும் எழுதியது வேறு வேறு தேர்வு. வடிவியல் வினாக்களின் கூர்மை, அதாவது திறன் மிகுந்தவரையும் குறைந்தவரையும் பிரித்துக் காட்டும் ஆற்றல், குறைவாக இருந்தால் வடிவியல் யாருக்குமே வராமல்கூடப் போகலாம். புள்ளிவிவரப்படி எந்தக் குறையும் இல்லாத தேர்வு, பாடம் நடத்துகிறவர் பார்வையில் செல்லாத தேர்வு ஆகிவிடும்.

துல்லியத்தையும் பாடப் பங்கீட்டையும் எதிரெதிராக நிறுத்திப் பேசுவது வழக்கம்: பாடத்தைக் கட்டுப்படுத்தினால் துல்லியம் போகும், கூடுதலாக வினா போட வேண்டிவரும் என்பார்கள். அது பாதிதான் உண்மை. எவ்வளவு போகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், செலவு பெரும்பாலும் கட்டுப்பாட்டால் வருவதல்ல, வங்கியில் உள்ள ஓட்டைகளால் வருவது என்று தெரியும்.

ஒரு வினா எவ்வளவு சொல்கிறது

வினாவின் கடினத்தையும் தேர்வரின் திறனையும் ஒரே அளவுகோலில் வைக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். டென்மார்க் கணிதவியலாளர் கேயார்க் ராஷ் 1960இல் வெளியிட்ட மாதிரி இதற்கு மிக எளிய வழி. திறனும் கடினமும் சமமாக இருந்தால் விடை சரியாகும் வாய்ப்பு 50 சதவீதம். திறன் ஓர் அலகு மேலே இருந்தால் 73 சதவீதம், இரண்டு அலகு மேலே இருந்தால் 88 சதவீதம். அளவுகோலின் நடுப்புள்ளி 0. பெரும்பாலோர் −3க்கும் +3க்கும் இடையில் அடங்கிவிடுவார்கள்.

சரியாகும் வாய்ப்பையும் தவறாகும் வாய்ப்பையும் பெருக்கினால் வருவது, அந்த வினா அந்தத் தேர்வரைப் பற்றித் தரும் ‘தகவல்’. வாய்ப்பு சரிபாதியாக இருக்கும்போது 0.5 × 0.5 = 0.25, இதுவே உச்சம். வினா அரை அலகு தள்ளியிருந்தால் 0.235 கிடைக்கும், அதாவது உச்சத்தில் 94 சதவீதம். ஓர் அலகு தள்ளியிருந்தால் 79 சதவீதம். இரண்டு அலகு என்றால் 42 சதவீதம். மூன்று அலகு என்றால் வெறும் 18. இந்த நான்கு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

தகவலைக் கூட்டிக்கொண்டே போகலாம். மொத்தத் தகவலின் வர்க்கமூலத்தால் 1ஐ வகுத்தால் மதிப்பீட்டின் திட்டப்பிழை, அதாவது மதிப்பீடு உண்மைத் திறனிலிருந்து எவ்வளவு விலகக்கூடும் என்ற அளவு, கிடைக்கும். பிழை 0.3 ஆக வேண்டுமானால் தகவல் 11.1 சேர வேண்டும். ராஷ் மாதிரியில் ஒவ்வொரு வினாவும் உச்சமான 0.25ஐயே தந்தாலும் 45 வினாக்கள் ஆகும். ‘தகவமைத் தேர்வு என்றால் பத்தே வினாவில் முடித்துவிடலாம்’ என்று நம்பி வருகிறவர்களுக்கு இந்த ஒரு கணக்கே போதும்.

வினாக்களைக் குறைக்க உதவுவது அவற்றின் கூர்மை, அதாவது பிரித்தறியும் திறன். திறன் சற்றுக் கூடினாலே சரியாகும் வாய்ப்பு சட்டென்று ஏறுகிற வினா கூர்மையானது. ராஷ் மாதிரியில் எல்லா வினாவுக்கும் கூர்மை ஒன்றே. அடுத்த மாதிரியில் அது வினாவுக்கு வினா மாறும், தகவல் கூர்மையின் வர்க்கத்தால் பெருகும். கூர்மை 1.5 என்றால் உச்சத் தகவல் 2.25 × 0.25 = 0.56; அதே 0.3 பிழைக்கு 20 வினாக்கள் போதும். ஆனால் கூர்மையான வினா இலக்கிலிருந்து தள்ளிப் போனால் மதிப்பை வேகமாக இழக்கும்: அரை அலகு தள்ளினால் 87 சதவீதம், ஓர் அலகு தள்ளினால் 60 சதவீதம்தான் மிஞ்சும். கத்தி கூராக இருந்தால் பிடிக்க வேண்டிய இடமும் சரியாக இருக்க வேண்டும்.

பலவுள் தெரிவு வினாக்களில் ஊகத்துக்கு மூன்றாவதாக ஓர் எண் சேரும். அது தகவலைக் குறைக்கும். அதிகத் தகவல் தரும் வினாவின் கடினம் தேர்வரின் திறனுக்குச் சமமாக இல்லாமல் சற்றுக் கீழே இருக்கும்.

முதல் வினாவிலிருந்து

தேர்வரைப் பற்றி எதுவும் தெரியாத நிலையில் மதிப்பீடு 0, பிழை 1 என்று தொடங்குகிறோம். திறன்கள் இயல்பு வளைவில் பரவியிருக்கின்றன என்பது நம் முன்கணிப்பு. கடினம் 0 உள்ள ஒரு வினா போடுகிறோம். விடை சரி. ராஷ் மாதிரிப்படி முன்கணிப்பையும் விடையையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் புதிய மதிப்பீடு 0.41, பிழை 0.91. தவறாகியிருந்தால் −0.41, பிழை அதே 0.91. அடுத்த வினாவை 0.41க்குப் பக்கத்தில் தேட வேண்டும். எடு, போடு, மதிப்பிடு, நிறுத்தலாமா என்று பார்: இந்தச் சுற்றுதான் தேர்வு முழுவதும்.

முன்கணிப்பு எதற்கு என்று கேட்கலாம். அது இல்லாமல், இந்த விடைகளுக்கு மிகவும் பொருந்தும் திறன் எது என்று மட்டும் தேடினால், ஒரு வினாவைச் சரியாகப் போட்டவரின் திறன் முடிவிலி என்று கணினி சொல்லும். எல்லாம் சரி அல்லது எல்லாம் தவறு என்கிற வரிசைக்கு அந்த முறையில் விடையே கிடையாது. அதனால்தான் தொடக்கத்திலாவது முன்கணிப்பு கலந்த பேயஸ் முறையை வைத்துக்கொள்கிறார்கள். அதற்கு விலையும் உண்டு: மதிப்பீட்டை அது நடுவை நோக்கி இழுக்கும். குறுகிய தேர்வில் மிகத் திறமையானவர் சற்றுக் குறைவாகவும், மிகப் பின்தங்கியவர் சற்றுக் கூடுதலாகவும் தெரிவார்கள்.

தேர்வர்களிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டிய ஒன்று உண்டு: ராஷ் மாதிரியில் நடக்கும் தகவமைத் தேர்வில் ஏறக்குறைய எல்லோருக்குமே பாதி தவறாகும். எப்போதும் முதலிடம் வாங்குகிறவர் வெளியே வந்து கண்கலங்குவது இதனால்தான். எத்தனை சரி என்ற எண்ணிக்கைக்கு இங்கே பொருளே இல்லை. எந்த உயரத்தில் பாதி சரியாகிறது என்பதே மதிப்பெண். மனம் தளராமல் இருக்க, வாய்ப்பு 70 சதவீதம் இருக்கும்படி சற்று எளிய வினாக்களையே எடுக்கச் சொல்லலாம். அப்போது தகவல் 0.21, உச்சத்தில் 84 சதவீதம். பள்ளிப் பிள்ளைகளுக்கான தேர்வென்றால் தாராளமாகக் கொடுக்கலாம் இந்த விலையை.

பாடத்தை எப்படிக் கட்டிப்போடுவது

20 வினாத் தேர்வு என்று வைத்துக்கொள்வோம். ப்ளூபிரின்ட், அதாவது எந்தப் பகுதிக்கு எவ்வளவு என்ற பாடப் பங்கீட்டுத் திட்டம், இப்படி: எண்கணிதம் 30 சதவீதம், இயற்கணிதம் 30, வடிவியல் 25, புள்ளியியல் 15. எண்ணிக்கையில் 6, 6, 5, 3.

எளிய வழியைக் கிங்ஸ்பரி, ஸாரா இருவரும் 1989இல் முன்வைத்தார்கள். ஒவ்வொரு வினாவுக்கு முன்பும் எந்தப் பகுதி இலக்கிலிருந்து அதிகம் பின்தங்கியிருக்கிறது என்று பார். அந்தப் பகுதிக்குள் மட்டும் தேடி, இப்போதைய மதிப்பீட்டில் அதிகத் தகவல் தரும் வினாவை எடு. ஏழு வினா முடிந்த நிலையில் எண்கணிதம் 3, இயற்கணிதம் 2, வடிவியல் 1, புள்ளியியல் 1 என்று இருக்கிறது. சதவீதத்தில் 42.9, 28.6, 14.3, 14.3. எண்கணிதம் இலக்கை 12.9 தாண்டிவிட்டது, இயற்கணிதம் 1.4, வடிவியல் 10.7, புள்ளியியல் 0.7 பின்தங்கியுள்ளன. எட்டாவது வினா வடிவியலிலிருந்து வரும். ஒரு விரிதாளிலேயே செய்துவிடலாம். சிறிய தேர்வுகளுக்கு இதுவே போதும்.

இதில் முதல் தொல்லை, பகுதிகளின் வரிசை எல்லோருக்கும் ஒரே மாதிரி அமைந்துவிடுவது. எட்டாவது வினா வடிவியல் என்பது முன்பே எழுதிவிட்டு வந்தவருக்குத் தெரிந்திருக்கும். பின்தங்கலைக் கண்டிப்பாகப் பார்க்காமல், பகுதிகளின் சதவீதத்தையே வாய்ப்பாக வைத்துக் குலுக்கல் முறையில் பகுதியைத் தேர்ந்து, ஒதுக்கீடு நிரம்பிய பகுதியைக் குலுக்கலிலிருந்து நீக்கிவிட்டால் இது சரியாகும்.

இரண்டாவது தொல்லை பெரிது. உண்மையான ப்ளூபிரின்ட் நான்கு பகுதிகளோடு நிற்காது. ஒரு பத்தியைச் சார்ந்த மூன்று வினாக்கள் சேர்ந்தே வர வேண்டும், 12ஆம் வினாவின் விடையை 87ஆம் வினா காட்டிக்கொடுப்பதால் இரண்டும் ஒருவருக்கே வரக் கூடாது, படம் உள்ள வினா நான்கிற்கு மேல் போகக் கூடாது, மனப்பாட வினாக்கள் ஏழுக்குள் இருக்க வேண்டும், சரியான விடை ‘அ’வாக இருப்பது ஆறைத் தாண்டக் கூடாது, மொத்தச் சொற்கள் ஒரு வரம்புக்குள் அடங்க வேண்டும். ஒரு வினா ஒரே சமயத்தில் வடிவியலாகவும் படமுள்ளதாகவும் மனப்பாடமாகவும் இருக்கும். பகுதிகளை மட்டும் எண்ணும் முறை இதைச் சமாளிக்காது.

ஸ்டாக்கிங், ஸ்வான்சன் இருவரும் 1993இல் ஒரு வழி சொன்னார்கள்: ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஓர் எடை கொடு, எந்த வினாவை எடுத்தால் எடையிட்ட மீறல்களின் கூட்டுத்தொகை குறைவோ அதை எடு. பல டஜன் நிபந்தனைகளையும் தாங்கும், ஒருபோதும் சிக்கி நிற்காது. ஆனால் மீறவே மாட்டேன் என்ற உத்தரவாதம் அதனிடம் இல்லை. எடைகளைத் திருகித் திருகிச் சரிசெய்வதே தனி வேலையாகிவிடும். அடிப்படைக் குறை என்னவென்றால், வினாவை ஒவ்வொன்றாக எடுக்கும் எந்த முறைக்கும் முன்னால் என்ன வரப்போகிறது என்று தெரியாது. நல்ல வினாக்களை முன்பே செலவழித்துவிட்டு, 18ஆம் வினாவுக்கு வந்த பிறகு, மீதமுள்ள மூன்று இடங்களில் ஐந்து நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டியிருப்பதைக் கண்டு விழிக்கும்.

நிழல் தேர்வு

அந்தக் குறையை நேராகத் தீர்த்தது வான் டெர் லிண்டன், ரீஸ் இருவரும் 1998இல் விவரித்த நிழல் தேர்வு முறை. அடுத்த ஒரு வினாவைத் தேடாதே. முழு 20 வினாத் தேர்வையும் இப்போதே கட்டு என்கிறது அது. அந்த முழுத் தேர்வில் இதுவரை போட்ட வினாக்கள் அப்படியே இருக்க வேண்டும், எல்லா நிபந்தனைகளும் நிறைவேற வேண்டும், இப்போதைய மதிப்பீட்டில் மொத்தத் தகவல் உச்சமாக இருக்க வேண்டும். கட்டிய தேர்வில் இன்னும் போடாத வினாக்களுள் அதிகத் தகவல் தருவதை மட்டும் எடுத்துப் போடு. மற்றவற்றைக் கலைத்துவிடு. விடை வந்ததும் மதிப்பீடு மாறும். புது மதிப்பீட்டோடு மறுபடி முழுத் தேர்வைக் கட்டு. தேர்வர் பார்ப்பது 20 வினாக்கள். பின்னால் 20 முழுத் தேர்வுகள் கட்டிக் கலைக்கப்பட்டிருக்கும்.

கணினிக்குள் இது 0–1 முழு எண் திட்டமிடல் கணக்கு. வங்கியின் ஒவ்வொரு வினாவுக்கும் ஒரு மாறி: தேர்வில் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. எல்லா மாறிகளின் கூட்டுத்தொகை 20. வடிவியல் மாறிகளின் கூட்டுத்தொகை 5. 12ஆம், 87ஆம் வினாக்களின் மாறிகளைக் கூட்டினால் 1ஐத் தாண்டக் கூடாது. படமுள்ளவற்றின் கூட்டுத்தொகை 4க்கு மிகாமல். போட்டு முடித்த வினாக்களின் மாறி கட்டாயம் 1. ஒவ்வொரு மாறியையும் அந்த வினாவின் தகவலால் பெருக்கிக் கூட்டிய தொகை உச்சமாக வேண்டும். பாடநிபுணர் வாயால் சொல்லும் நிபந்தனைகளில் பெரும்பாலானவற்றை இப்படி ஒற்றை வரியாக எழுதிவிடலாம் என்பதுதான் இதன் அழகு. சில நூறு வினாக்கள் உள்ள வங்கிக்கு இன்றைய சால்வர்கள் (இத்தகைய கணக்குகளைத் தீர்க்கும் மென்பொருள்கள்) பொதுவாக ஒரு நொடிக்குள் விடை தந்துவிடும். ஜிஎல்பிகே, சிபிசி, ஹைஸ் போன்ற இலவச சால்வர்களே போதும். ஆர் நிரல்மொழியில் டெஸ்ட்டிசைன் என்ற தொகுப்பு நிழல் தேர்வையும் செய்து தரும்.

முதல் நிழல் தேர்வைக் கட்ட முடிந்துவிட்டால், கடைசி வரை எங்கும் சிக்காது. ஏனென்றால் ஒவ்வொரு கட்டத்திலும், போன கட்டத்தில் கட்டிய தேர்வே நிபந்தனைகளை நிறைவேற்றும் ஒரு விடையாகக் கையில் இருக்கிறது. அதைவிட நல்லது கிடைத்தால் மாற்றிக்கொள்கிறோம், அவ்வளவுதான். முதல் தேர்வையே கட்ட முடியவில்லையென்றால் கோளாறு நிபந்தனைகளில் இருக்கிறது: ஒன்றோடொன்று முரண்படுகின்றன, அல்லது அவற்றை நிறைவேற்றும் அளவுக்கு வங்கியில் சரக்கு இல்லை. ஒவ்வொரு நிபந்தனையாக நீக்கி ஓட்டிப் பார்த்தால் குற்றவாளி அகப்படும்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். முழுத் தேர்வைக் கட்ட வேண்டுமானால் நீளம் முன்பே தெரிய வேண்டும். பிழை போதிய அளவு குறைந்ததும் நிறுத்துகிற தேர்வில் நீளம் ஆளுக்கு ஆள் மாறும். அங்கே உச்ச வரம்பை நீளமாக வைத்துக் கட்டினால், இடையில் நிற்கும்போது பங்கீடு அரைகுறையாக நிற்கும். சதவீதப் பின்தங்கலைப் பார்க்கும் எளிய முறை இந்த இடத்தில் கை கொடுக்கும்.

சட்டியில் இருந்தால்தான்

வினா தள்ளிப் போகப் போகத் தகவல் எவ்வளவு மிஞ்சும் என்று காட்டிய அந்த நான்கு எண்களுக்கு இப்போது வருவோம். 30 வினா, ராஷ் மாதிரி. எல்லா வினாவும் இலக்கிலேயே அமைந்தால் மொத்தத் தகவல் 7.5, பிழை 0.365. வடிவியலுக்கு ஐந்து இடம் ஒதுக்கச் சொல்கிறோம். வங்கியில் தேர்வரின் மதிப்பீட்டுக்கு அரை அலகுத் தொலைவில் வடிவியல் வினாக்கள் இருந்தால் இழப்பு 5 × 0.015 = 0.075. மூன்றில் ஒரு வினா அளவுகூட இல்லை. ஆனால் இரண்டு அலகு தள்ளித்தான் வடிவியல் இருக்கிறதென்றால் இழப்பு 5 × 0.145 = 0.725, பிழை 0.384 ஆகிறது. இழந்ததை ஈடுகட்ட மூன்று கூடுதல் வினாக்கள் போட வேண்டும். கட்டுப்பாடு இரண்டிலும் ஒன்றுதான். மாறியது வங்கி. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்; நிழல் தேர்வு மிகச் சிறந்த அகப்பை, ஆனால் அகப்பைதான்.

அதனால் அல்காரிதத்தைத் தேர்வதற்கு முன் ஒரு கட்டம் போட்ட தாளை எடுங்கள். இடப்பக்கம் பாடப் பகுதிகள், மேலே கடின அடுக்குகள்: −2, −1, 0, +1, +2. ஒவ்வொரு கட்டத்திலும் வங்கியில் எத்தனை வினா இருக்கிறது என்று எழுதுங்கள். முதன்முறை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் காண்பது ஒன்றுதான்: நடுக் கட்டங்கள் நிரம்பி வழியும், புள்ளியியல் +2, இயற்கணிதம் −2 போன்ற மூலைகள் காலியாக இருக்கும். வினா எழுதுகிறவர்களிடம் ‘இன்னும் ஐம்பது வினா வேண்டும்’ என்று சொன்னால் நடுக் கட்டத்துக்கே ஐம்பதும் வரும். ‘எதிர்மறை எண்கள் இல்லாமல், ஒரே படியில் முடியும் இயற்கணித வினா எட்டு வேண்டும்’ என்று கேட்டால்தான் மூலை நிரம்பும்.

எத்தனை போதும்? ஒரு வினாவை எத்தனை சதவீதத் தேர்வர்கள் பார்க்கலாம் என்பதைப் பொறுத்தது. உச்ச வரம்பு 20 சதவீதம் என்றால், ஒருவருக்கு ஐந்து வடிவியல் வினா போட வங்கியில் குறைந்தது 5 ÷ 0.2 = 25 வடிவியல் வினாக்கள் வேண்டும். 20தான் இருக்கிறதென்றால் சராசரியே 25 சதவீதம் ஆகிவிடும். எந்த அல்காரிதத்தாலும் 20க்குள் கொண்டுவர முடியாது. இந்த வகுத்தலைச் செய்யாமல் மாதக்கணக்கில் நிரலைக் குறை சொல்லிக்கொண்டிருப்பது நடக்கிற காரியம்தான். ஒரே திறன் உள்ளவர்களுக்குள்ளும் 20 சதவீத வரம்பு காக்க வேண்டுமானால் அந்த 25 ஒவ்வொரு அடுக்குக்கும் வேண்டும். ஓர் அலகு தள்ளிய வினா 79 சதவீதத் தகவலைத் தருவதால் அடுத்தடுத்த அடுக்குகள் ஒன்றுக்கொன்று உதவும். ஐந்து மடங்கு முழுதாகத் தேவைப்படாது.

வினாக்களின் கடினமும் கூர்மையும் உண்மையான தேர்வர்களிடம் போட்டுப் பார்த்துக் கணக்கிட்டவையாக இருக்க வேண்டும். எழுதியவரின் ஊகம் உதவாது. வழக்கில் உள்ள தோராயம்: ராஷ் மாதிரிக்கு வினாவுக்குச் சில நூறு பேர், கூர்மையும் மாறினால் 500, ஊகமும் சேர்ந்தால் 1,000.

கூர்மையின் மேல் பேராசை

அதிகத் தகவல் தரும் வினாவையே எப்போதும் எடுத்தால் கூர்மையான சிலவே திரும்பத் திரும்ப வரும், மற்றவை தூங்கும். 1994இல் அமெரிக்காவில் மேற்படிப்பு நுழைவுத் தேர்வான ஜிஆர்ஈயின் கணினி வடிவத்துக்குப் பயிற்சி நிறுவனம் ஒன்று தன் ஆட்களை அனுப்பி, அவர்கள் நினைவில் வைத்து வந்த வினாக்களைத் தொகுத்துக் காட்டியது. தேர்வு தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. ஜிஆர்ஈ 2011இல் வினாவுக்கு வினா மாறுவதைக் கைவிட்டு, பகுதிக்குப் பகுதி மாறும் முறைக்குப் போனது. அப்படிப்பட்ட பலகட்டத் தேர்வில் ஒவ்வொரு தொகுதியையும் பாடநிபுணர் முன்பே படித்துப் பார்த்து ஒப்புதல் தரலாம். பாடப் பங்கீடு கையெழுத்தோடு உறுதியாகும். துல்லியத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும்.

வினாவுக்கு வினா மாறும் தேர்விலேயே இருப்பதென்றால், சிறந்த ஒன்றுக்குப் பதில் சிறந்த ஐந்தில் ஒன்றைக் குலுக்கி எடுப்பது எளிய வழி. சிம்ப்சன்–ஹெட்டர் முறை இன்னும் கண்டிப்பானது: சிமுலேஷனில், அதாவது கணினியே உருவாக்கும் போலித் தேர்வர்களை வைத்து ஓட்டிப் பார்ப்பதில், 60 சதவீதம் முறை தேர்வாகும் வினாவுக்கு வரம்பு 20 என்றால், தேர்வாகும் மூன்று முறையில் ஒரு முறைதான் அதைப் போட வேண்டும். ஒன்றைத் தடுத்தால் இன்னொன்று முன்னே வரும் என்பதால், எண்கள் நிலைக்கும் வரை சிமுலேஷனைத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். சாங், யிங் இருவரும் 1999இல் சொன்னது எங்கள் பார்வையில் மிக விவேகமான யோசனை: மதிப்பீடு தள்ளாடும் தொடக்கத்தில் கூர்மை குறைந்த வினாக்களைப் போடு, மதிப்பீடு நிலைத்த பிறகு கூர்மையானவற்றை எடு. தள்ளி விழுந்தால் கூர்மையான வினா எவ்வளவு இழக்கும் என்று மேலே பார்த்தோமே, அதுதான் காரணம்.

பேராசையில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கேடும் உண்டு. கூர்மை என்பதும் மதிப்பீடுதான். அதிலும் பிழை இருக்கிறது. உண்மைக் கூர்மை 1.2ஆக இருந்தும் தற்செயலாக 1.6 என்று கணக்கிடப்பட்ட வினாவை அல்காரிதம் தேடித் தேடி எடுக்கும். திரையில் 0.30 என்று காட்டும் பிழை உண்மையில் அதைவிடப் பெரிதாக இருக்கும்.

எப்போது நிறுத்துவது

மதிப்பெண் தருவதே நோக்கமென்றால் நிலையான நீளம் அல்லது பிழை வரம்பு. தேர்ச்சியா இல்லையா என்பது மட்டுமே கேள்வியென்றால், மதிப்பீட்டின் நம்பிக்கை இடைவெளி (உண்மைத் திறன் அடங்கியிருக்கும் என்று நம்பக்கூடிய எல்லை) தேர்ச்சிக்கான வெட்டுமதிப்பெண்ணுக்கு முழுதாக மேலே அல்லது கீழே போனதும் நிறுத்தலாம். என்கிளெக்ஸ் 95 சதவீத நம்பிக்கையை வைத்து இப்படிச் செய்கிறது. பதிவு பெற்ற செவிலியர்களுக்கான என்கிளெக்ஸ்–ஆர்என் தேர்வில் 2023 முதல் குறைந்தது 85, அதிகபட்சம் 150 வினாக்கள். உடல்நல உணர்வுகளை அளக்கும் ப்ராமிஸ் வினாத்தொகுப்புகள் வழக்கமாக 4 முதல் 12 வினாக்களில் முடிந்துவிடுகின்றன. ஒவ்வொரு தொகுப்பும் சோர்வு, வலி என்று ஒரே விஷயத்தை அளப்பதாலும், ஒவ்வொரு வினாவிலும் பல படிநிலை விடைகள் இருப்பதாலும் அது சாத்தியம். அந்தச் சிக்கனத்தைப் பல பாடப் பகுதிகள் கொண்ட தேர்வில் எதிர்பார்க்கக் கூடாது.

நீளம் மாறும் தேர்வில் குறைந்தபட்ச எண்ணிக்கையைப் பாடம்தான் முடிவு செய்ய வேண்டும். மிகச் சிறிய பகுதியான புள்ளியியலுக்கு 15 சதவீதம். அதில் இரண்டு வினாவாவது வர வேண்டுமென்றால் 2 ÷ 0.15 = 13.3. ஆக 14 வினாவுக்கு முன் யாரையும் நிறுத்தக் கூடாது, பிழை எவ்வளவு குறைந்திருந்தாலும்.

திறப்பதற்கு முன்னும் பின்னும்

உண்மைத் தேர்வரை உட்கார வைப்பதற்கு முன் கணினித் தேர்வர்களை உட்கார வையுங்கள். −3 முதல் +3 வரை அரை அலகுக்கு ஒரு புள்ளியாக 13 புள்ளிகள், ஒவ்வொன்றிலும் 1,000 பேர். ஒரே வங்கியை மூன்று முறை ஓட்டுங்கள்: எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் ஒரு முறை, பாடக் கட்டுப்பாட்டோடு ஒரு முறை, பாடமும் வெளிப்பாட்டு வரம்பும் (ஒரு வினாவை எத்தனை சதவீதத் தேர்வர்கள் பார்க்கலாம் என்பது) சேர்த்து ஒரு முறை. முதல் இரண்டுக்கும் இடையிலான பிழை வித்தியாசமே பாடப் பங்கீட்டின் விலை. அதை மொத்தச் சராசரியாகப் பார்க்காமல் புள்ளி புள்ளியாகப் பாருங்கள். நடுவில் ஒன்றுமே தெரியாது. +2இல் திடீரென்று பிளக்கும். பிளக்கும் இடத்தில் எந்தப் பகுதியின் வினாக்கள் தள்ளி விழுகின்றன என்று பார்த்தால், கட்டம் போட்ட தாளில் காலியாக இருக்கும் அதே மூலைக்குப் போய்ச் சேருவீர்கள். கூர்மை மதிப்பீட்டில் உள்ள கோளாறையும் இதே ஓட்டத்தில் பிடிக்கலாம்: விடைகளை ஒரு தொகுதி எண்களிலிருந்து உருவாக்கி, வினாத் தேர்வுக்குச் சற்றுப் பிசகிய இன்னொரு தொகுதியைக் கொடுத்துப் பாருங்கள். திரை காட்டும் பிழைக்கும் உண்மைப் பிழைக்கும் உள்ள இடைவெளி தெரிந்துவிடும்.

தேர்வு தொடங்கிய பிறகு ஒவ்வொரு வினாவுக்கும் இரண்டு எண்களை மாதந்தோறும் பாருங்கள்: எத்தனை பேர் பார்த்தார்கள், அவர்களின் திறனை வைத்து மாதிரி எதிர்பார்த்ததைவிட எத்தனை பேர் கூடுதலாகச் சரியாகப் போட்டார்கள். இரண்டாவது எண் மாதாமாதம் ஏறினால் வினா வெளியே போய்விட்டது, எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் வருவது வங்கியில் மிச்சமிருக்கும் ஏதோ ஒரு நல்ல வினாவாக இருக்கக் கூடாது, அதே கட்டத்து வினாவாக இருக்க வேண்டும்: வடிவியல், கடினம் −1, படமில்லாதது. அப்படிப்பட்ட வினா கையில் இருக்க வேண்டுமானால், ஒவ்வொரு தேர்வரின் தேர்விலும் மதிப்பெண்ணில் சேராத சில சோதனை வினாக்களைக் கலந்து வைத்து, அந்தக் கட்டத்துக்கான எண்களை முன்பே சேகரித்திருக்க வேண்டும்.